எட்டுப் பெயர் எழுதியவள்

நான் சுலபத்தில் நன்றி சொல்கிற ஆள் இல்லை. வீட்டில் கேட்டால் தெரியும். காபி நன்றாக இருந்தால் பேசாமல் குடித்துவிடுவேன், சர்க்கரை குறைந்தால் மட்டும் வாயைத் திறப்பேன். அப்படிப்பட்ட நான், ஒருத்திக்கு நன்றி சொல்வதற்காகவே இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். அவள் எனக்குக் கீழே வேலை பார்த்தவள். அவளை வேலையை விட்டு அனுப்பப் பார்த்தவள் நான்.

எங்கள் கம்பெனி தேர்வாய் கண்டிகையில் இருக்கிறது. காருக்குள் ஓடுகிற ஒயர்களை நீளமான போர்டில் வரிசையாகப் படுக்கவைத்து, டேப் சுற்றி, ஒரே கொத்தாகக் கட்டி அனுப்புவோம். விரல் வேகம் வேண்டிய வேலை என்பதால் லைன் முழுக்கப் பெண்கள். நான் லைன் லீடர். என்னையும் சேர்த்து இருபத்து நாலு பேர். அதில் நான் ஒருத்திதான் கம்பெனி ஆள், மற்ற இருபத்து மூன்று பேரும் கான்ட்ராக்ட். நல்ல காலத்தில் இந்த வித்தியாசம் யார் கண்ணிலும் படாது. அடையாள அட்டை தொங்குகிற கயிறு எனக்கு நீலம், அவர்களுக்குப் பச்சை, அவ்வளவுதான்.

அந்த வருஷம் நாடு முழுக்கக் கார் விற்பனை படுத்துவிட்டது. கம்பெனி பஸ்ஸில் வரும்போது, விற்காத வண்டிகள் திறந்த மைதானங்களில் வரிசை வரிசையாக வெயில் காய்ந்துகொண்டிருப்பதைப் பார்ப்போம். முதலில் எங்களுக்கு ஓவர்டைம் நின்றது. அப்புறம் இரண்டாவது ஷிப்ட் நின்றது. அப்புறம் சனிக்கிழமை வேலை நின்றது. கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் வாசலில் டீக்கடைக்காரர் பாலை அரை லிட்டர் குறைத்து வாங்க ஆரம்பித்தார். கம்பெனி சரிந்தால் முதலில் தெரிவது டீக்கடையில்தான்.

கான்டீன் டிவியில் தினமும் இதே பேச்சு. ஆளுங்கட்சிக்காரர் போன ஆட்சியைக் காட்டுவார். எதிர்க்கட்சிக்காரர் இந்த ஆட்சியைக் காட்டுவார். கோட்டு போட்ட நிபுணர் ஒருவர் உலகச் சந்தையைக் காட்டுவார். ஒருநாள் ஒரு பெரிய மனிதர், ஜனங்கள் பணத்தை வெளியே எடுக்காமல் பூட்டி வைப்பதுதான் காரணம் என்று எங்களையே காட்டிவிட்டார். சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே நான் டிவியைத் திட்டுவேன். இத்தனை பேரில் ஒருத்தனாவது ‘நான் பண்ணினேன், என் கணக்கு தப்பாகப் போய்விட்டது’ என்று சொல்கிறானா பார் என்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். லைன் லீடர் திட்டினால் சிரிக்கத்தானே வேண்டும்.

இந்த இடத்தில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம்தான் என் வீட்டுக்காரர் சின்னதாக ஒரு கார் வாங்கலாம் என்று ஆசையாகக் கேட்டார். காலம் சரியில்லை, சும்மா இருங்கள் என்று நான்தான் தடுத்தேன். காருக்கு ஒயர் கட்டிப் பிழைக்கிறவள் வீட்டிலேயே கார் வாங்கவில்லை. மைதானத்தில் நின்ற வண்டிகளில் ஒன்று என்னுடையது. அந்தப் பெரிய மனிதர் சொன்னது எனக்கு ஏன் அவ்வளவு சுருக்கென்று தைத்தது என்று இப்போது புரிகிறது.

ஒரு புதன்கிழமை மேனேஜர் கூப்பிட்டார். தலைமை அலுவலகத்திலிருந்து தகவல் வந்திருக்கிறதாம், லைனில் மூன்றில் ஒரு பங்கு ஆட்களைக் குறைக்க வேண்டுமாம். எட்டுப் பெயர் எழுதிக் கொடு, உனக்குத்தான் யார் எப்படி என்று தெரியும், திங்கட்கிழமையிலிருந்து அவர்கள் வர வேண்டாம் என்றார். ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் நகர்த்தி வைத்தார். நான் ஐந்தே நிமிஷத்தில் எழுதிவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

முதல் பெயர் பழவேற்காட்டுக்காரியுடையது. ஏரியில் மீன் பிடிக்கிற குடும்பம், புருஷன் படகில் போகிறவர். மீன் குறைந்துபோன காலத்தில் வேலைக்கு வந்தவள், என்னைவிட இரண்டு வயது சின்னவள். லைனில் அவள் சுற்றுகிற டேப் மாதிரி சுத்தமாக இன்னொருத்தி சுற்ற மாட்டாள். அப்புறம் ஏன் அவள் பெயர்? இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் கொத்துகள் திரும்பி வந்தன. தரம் பார்க்கிறவர் யார் தப்பு என்று கேட்க, அவள் எல்லார் முன்னாலும், “ஒயர் கலர் மாத்திக் குடுத்தது மேடம்தான்” என்று சொல்லிவிட்டாள். உண்மையைத்தான் சொன்னாள். அதனால்தான் முதல் பெயர்.

வியாழக்கிழமை விஷயம் கசிந்துவிட்டது. எட்டுப் பேர் என்று தெரிந்தது, எந்த எட்டுப் பேர் என்று தெரியவில்லை. போர்டில் கைகள் ஓடின, பேச்சே இல்லை. பத்து மணி டீ நேரத்தில் அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். லைனுக்குள் நான் மேடம், வெளியே அக்கா. “அக்கா, பேரு யாரு எழுதினது?” என்றாள்.

“மேல இருந்து வந்திச்சி. ஆபீஸ்ல எழுதினது.”

“ஆபீஸ்ல யாரு?”

எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவப் போனேன். அவள் அங்கேயே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது முதுகுக்குத் தெரிந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதே கோட்டு போட்ட நிபுணர். இது யார் கையிலும் இல்லை, மேலிருந்து வருகிற நெருக்கடி என்றார். வழக்கம்போலத் திட்ட வாயெடுத்தேன். காலையில் அதே வார்த்தையை நான் சொல்லியிருந்தேன். எழுந்து போய் டிவியை அணைத்தேன். நாட்டின் சரிவுக்கு யார் பொறுப்பு என்று எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. ஆனால் என் லைனிலிருந்து இந்த எட்டுப் பேர் போவதற்கு யார் பொறுப்பு என்பது நன்றாகத் தெரியும். அந்தத் தாளில் இருந்தது என் கையெழுத்து.

வெள்ளிக்கிழமை டீ நேரத்தில் எல்லாரையும் நிற்கச் சொல்லி, எட்டுப் பெயரையும் எழுதியது நான்தான் என்று சொன்னேன். பெயர்களையும் படித்தேன். ஒருத்தி அழுதாள். ஒருத்தி நான் நன்றாகவே இருக்க மாட்டேன் என்று சாபம் விட்டாள், அவள் பெயர் பட்டியலில் கூட இல்லை. முதல் பெயர்க்காரி கடைசி வரை டீயைக் குடித்து முடித்தாள்.

“சரிக்கா,” என்றாள். “இப்பதான் பேசறதுக்கு ஒரு ஆளு கெடச்சிக்கீது. எங்க ஏரில மீனு கம்மியாப் பூட்டா, நீ வலைய எடுத்துக்கினு போயிடுன்னு யாரையும் தொரத்தறதில்ல. பாடு போட்டுக்குவாங்க. சீட்டு எடுத்து, இன்னிக்கி உனுக்கு, நாளைக்கி எனுக்கு. எட்டு பேரு மொத்தமா ஊட்ல குந்தறதுக்கு, எல்லாரும் கொஞ்ச கொஞ்ச நாளு குந்தலாமே.”

பாடு என்றால் அவர்கள் ஊரில் முறை. ஏரியில் மீன் அதிகம் கிடைக்கிற இடங்கள் கொஞ்சம்தான் இருக்கும். அங்கே இன்றைக்கு யார் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். முறை வராதவன் கரையில் இருக்க வேண்டும், அவன் நாள் வரும்போது யாரும் குறுக்கே போகக் கூடாது. இதையெல்லாம் அவள் சொல்லச் சொல்ல என் மூளை கணக்குப் போட்டது. மூன்று குழு, ஒரு குழு ஒரு வாரம் வீட்டில், மற்ற இரண்டும் வேலையில். எப்போதும் லைனில் மூன்றில் இரண்டு பங்கு ஆள். தலைமை அலுவலகம் கேட்டதும் அதுதான். யாரும் போக வேண்டியதில்லை. எனக்கு ஒரே சந்தோஷம். இதோ மேனேஜரிடம் போகிறேன் என்று திரும்பினேன்.

“உங்களுக்கும் சீட்டு உண்டாக்கா?” என்றாள்.

கயிறு நீலம் என்று சொல்லியிருக்கலாம். கம்பெனி ஆளுக்கு விதி வேறு என்று சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மைதான். இருபத்து மூன்று முகங்கள் என்னைப் பார்த்தன. இருபத்து மூன்றை மூன்றாகப் பிரித்தால் ஒன்று குறைகிறது என்பது அப்போதுதான் உறைத்தது. உண்டு என்றேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

மேனேஜர் முதலில் முடியாது என்றார். கான்ட்ராக்டர் ஒத்துக்கொள்ள வேண்டும், வருகைப் பதிவு குழம்பும், நீ எதற்காகச் சம்பளமில்லாமல் உட்கார வேண்டும் என்று அடுக்கினார். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன். கடைசியில், தலைமை அலுவலகத்தில் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று நானே கேட்டுவிட்டேன். தண்ணீர் பாட்டிலைத் திறந்து நிதானமாகக் குடித்தார். நான் எழுதிய தாளை எடுத்து இரண்டாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். “கேட்டா நான்தான் பண்ணேன்னு சொல்லிக்கிறேம்மா,” என்றார். அத்தனை மாதம் டிவி முன்னால் உட்கார்ந்து நான் கேட்கக் காத்திருந்த பேச்சு அது. அவருக்கும் இங்கேயே நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

சீட்டு எடுக்கிற நேரத்தில் எனக்குப் பழைய புத்தி தலைதூக்கியது. வேகமானவர்களைக் குழுவுக்குக் கொஞ்சம் பேராகப் பிரித்து நானே எழுதிவிடுகிறேன் என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. ஒருத்தியின் டிபன் பாக்ஸைக் கழுவித் துடைத்து, சீட்டுகளை அதில் போட்டுக் குலுக்கினார்கள். “எங்க ஊர்ல பொம்பளைக்குப் பாடு கெடையாதுக்கா. இங்கயாவது எனுக்கு நானே எடுத்துக்கறேன்,” என்று சிரித்துக்கொண்டே அவள் கையை விட்டாள். நானும் எடுத்தேன். முதல் வாரமே வீட்டில் உட்கார வேண்டிய குழுவில் என் பெயர் வந்தது. அன்றைக்கு லைன் சிரித்தது மனசார.

வீட்டில் என்னைப் பைத்தியம் என்றார்கள். கூப்பிடாத பந்திக்குப் போய் இலை போட்டு உட்கார்ந்தவள் மாதிரி, கேட்காமலே வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறாள் என்றார் வீட்டுக்காரர். திங்கட்கிழமை காலை பஸ் எங்கள் தெருமுனையில் ஹாரன் அடிக்காமல் போனதும் அழுகை வந்துவிட்டது. பச்சைக் கயிறு என்றால் என்னவென்று அந்த ஒரு வாரத்தில் தெரிந்துகொண்டேன். நான் இல்லாத வாரம் லைனைப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். திரும்பிப் போனபோது சாய்வான போர்டில் ஒயர்களைத் தாங்குகிற முளைகளை ஒரு சாண் கீழே இறக்கிவைத்திருந்தாள், குட்டையான பெண்களுக்கு எட்டவில்லையாம். யாரைக் கேட்டு மாற்றினாய் என்று கத்தினேன். மத்தியானத்துக்குள் அதுதான் வசதி என்று தெரிந்தது. இன்றும் முளைகள் அங்கேதான் இருக்கின்றன.

சுகமாக நடந்தது என்று கதை விட மாட்டேன். வேலைக்கு வந்த இரண்டு குழுவிலும் பெரிய போர்டு வேலை தெரிந்தவள் ஒருத்தி கூட இல்லாமல் போய், ஒரு வாரம் முழுக்கக் கொத்துகள் திரும்பி வந்து பேஜாராகிவிட்டது. முறை மாற்றிக்கொள்வதில் இரண்டு பேர் பஸ்ஸிலேயே சண்டை போட்டார்கள். முக்கால் சம்பளம் கூட வராமல் எல்லார் வீட்டிலும் கஷ்டம்தான். ஆனால் ஏழு மாதமும் யாரும் லைனை விட்டுப் போகவில்லை. ஆர்டர் திரும்ப வந்த அன்று இருபத்து நாலு பேரும் போர்டு முன்னால் நின்றோம். பக்கத்து லைன்களில் புது ஆள் தேடி அலைந்தார்கள்.

அன்றைக்கு ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் அவள் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்தேன். ஒரு விஷயம் மட்டும் எனக்குள் கிடந்து உறுத்திக்கொண்டிருந்தது. பெயர் எழுதியது நான் என்று சொல்லியிருந்தேனே தவிர, அவள் பெயரை ஏன் முதலில் எழுதினேன் என்று சொல்லவில்லை. சொன்னேன். ஒயர் கலரை நான் மாற்றிக் கொடுத்ததை நீ எல்லார் முன்னாலும் சொன்னாய் அல்லவா, அந்தக் கோபத்தில்தான், உன் வேலையில் ஒரு குறையும் இல்லை என்று சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டேன்.

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பொன்னேரி நெருங்கிக்கொண்டிருந்தது, அவள் இறங்கி ஷேர் ஆட்டோ பிடிக்க வேண்டும்.

“தெரியும்க்கா,” என்றாள். “நீங்க படிக்கறப்பவே தெரியும். கைல பேனா இருந்தா கோவமும் கூட வரும். எங்க ஊர்ல அண்ணன் தம்பி கூட அப்பிடித்தான் எழுதுவான். அதனாலதான் அங்க யாரையும் பேரு எழுத வுடறதில்ல. சீட்டு எடுக்கறோம்.”

பையை எடுத்துக்கொண்டு, கொஞ்சம் காலை மடக்குங்கக்கா என்று சொல்லி இறங்கிப் போனாள்.