கேதீஸ்வரி மிஸ் தண்ணீர் குடித்த கதை

எங்கள் அரசாங்கக் கந்தோரில் கேதீஸ்வரி மிஸ் ஏழு வருடம் என் கையால் ஒரு கோப்பைத் தேநீர் குடித்ததில்லை.

காலை பத்து மணிக்கும் பின்னேரம் மூன்று மணிக்கும் பன்னிரண்டு பேருக்கும் நான்தான் பிளேன்டீ ஊற்றிக் கொடுப்பேன். மற்றவர்கள் குடித்துவிட்டு வெறும் கோப்பையைத் தள்ளி வைப்பார்கள். அவருடைய கோப்பை மட்டும் ஆறி, எறும்பு விழுந்து கிடக்கும். நான் கொண்டுபோய்ப் பூவரச மரத்தடியில் ஊற்றுவேன். முதல் வருடம் சீனி போதவில்லையாக்கும் என்று நினைத்தேன். இரண்டாம் வருடம் விசயம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். கோணாமலை என்கிற நான் யார், என் தகப்பன் என்ன தொழில் செய்தவன் என்று ஆரோ சொல்லியிருப்பார்கள்; அதுதான் என் கை பட்ட கோப்பை அவருக்கு ஆகவில்லை. எங்கள் பக்கத்தில் தண்ணீர் வாங்கிக் குடிக்காத முகங்களை நான் சின்ன வயதிலிருந்தே கண்டிருக்கிறேன். கேட்டு அறியத் தேவையில்லை.

அதன்பிறகு நானும் அவருக்கு முகம் கொடுப்பதில்லை. "மிஸ், ஃபைல்" என்று மேசையில் போடுவேன், திரும்பிவிடுவேன். மற்றப் பெண்கள் எனக்கு அக்கா, தங்கச்சி. இவர் மட்டும் மிஸ்.

ஆனால் வேலையில் கெட்டிக்காரி. அதை நான் எந்தக் கோபத்திலும் மறுக்கவில்லை. வாவிக்கு மேற்கே, வவுணதீவுக்கும் அங்கால், வயல்வட்டையும் குளமுமான படுவான்கரைக் கிராமம் ஒன்றில் வேளாண்மைக்காரர் ஒருவரின் மகள். சண்டைக் காலத்தில் ஊரோடு இடம்பெயர்ந்து கூடாரத்தில் இருந்தபோது, அரிசி மூட்டைக்கு மேல் கொப்பியை வைத்துக்கொண்டு அரச உத்தியோகச் சோதனைக்குப் படித்தவர். அந்த ஊரிலிருந்து கந்தோர்க் கதிரைக்கு வந்த முதல் பெண். புருசன் மேசன். நிருஷா என்று பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் ஒருத்தி. நாலு மணிக்கு எழும்பி, சமைத்து, ஆறரை பஸ்ஸில் ஏறி, எட்டு மணிக்குக் கதிரையில் இருப்பார். ஓய்வூதியக் கோப்புகள் அவருடைய பொறுப்பு. புருசன் செத்த பெண்களை இன்றைக்கு வா, நாளைக்கு வா என்று அலைக்கழிக்கத் தெரியாத ஆள். பின்னேரம் நாலேகால் வரைக்கும் கதிரையை விட்டு அசையமாட்டார். அதைப் பார்த்துத் தலைமை லிகிதர் சில்வெஸ்டர் ஐயா மற்றவர்களுக்குச் சொல்லுவார், "அந்தப் பிள்ளையப் பாருங்க, எழும்புறாவா? அதுதான் உத்தியோகம்."

எழும்பாததற்குக் காரணம் உத்தியோகம் இல்லை என்பது எனக்குப் போன வருடம் வெக்கையான கச்சான் காற்று வீசிய மாதத்தில்தான் தெரிந்தது.

எங்கள் கந்தோரில் ஊழியர்களுக்கு ஒரேயொரு மலசலகூடம். வெளிச்சனம் வந்து பழுதாக்குகிறார்கள் என்று முன்பு இருந்த தலைமை லிகிதர் ஒருவர் அதற்குப் பூட்டுப் போட்டார். திறப்பை ஆரும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடக்கூடாது என்று ஒரு முழப் பலகைத் துண்டில் கட்டினார். அந்தப் பலகை சில்வெஸ்டர் ஐயாவின் கதிரைக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். தேவைப்பட்டவர் அவருக்கு முன்னால் போய் நின்று கேட்கவேண்டும். பிறகு, நீள வாங்கில் குந்திக் காத்திருக்கும் சனத்துக்கு முன்னால் பலகையைத் தூக்கிக்கொண்டு நடக்கவேண்டும். ஆண்கள் எங்களுக்குத் திறப்புத் தேவைப்பட்டதில்லை. கட்டடத்துக்குப் பின்னால் மதில் இருக்கிறது. அதற்கப்பால் கண்டல் மரம், பிறகு வாவி. பெண்கள் நாலு பேர். அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று நாங்கள் ஒருநாளும் யோசிக்கவில்லை. ஆரும் திறப்பெடுக்காத நாளில் எனக்குக் கழுவுகிற வேலை மிச்சம். அது எனக்குச் சந்தோசம்.

அன்றைக்குப் பதினொரு மணியிருக்கும். காற்று நெருப்பாக அடித்தது. கேதீஸ்வரி மிஸ் ஃபைல் ஒன்றை எடுக்க எழும்பியவர் அப்படியே மேசையைப் பிடித்துக்கொண்டு குந்தினார். முகம் வெள்ளைத் துணியாகிவிட்டது. இடது விலாவைக் கையால் அமத்திப் பிடித்திருந்தார்.

"அல்லாஹ்வே, கேதீஸ் அக்கா!" என்று ஓடிவந்தாள் சப்னா. ஏறாவூர்ப் பிள்ளை, அடுத்த மேசையில் வேலை. "அண்ணன், பார்த்துக்கிட்டு நிக்காம ஓட்டோ பிடிங்க!"

பிடித்தேன். நான் முன்னால் சாரதியோடு ஒண்டிக்கொண்டேன், அவர்கள் இருவரும் பின்னால். வைத்தியசாலையில் ஊசி போட்டு, படம் பிடித்து, ஒரு பெண் டொக்டர் வந்தார். வயது குறைவு, பேச்சு கறார்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?"

"குடிப்பன்."

"குடிப்பீங்க எண்டு தெரியும். எவ்வளவு?"

மிஸ் என்னைப் பார்த்தார். சப்னா திரும்பி, "அண்ணன், கொஞ்சம் அங்கால நில்லுங்க" என்றாள். நான் திரைச்சீலைக்கு வெளியே நின்றேன். திரைச்சீலை கண்ணை மறைக்கும், காதை மறைக்காது.

"டொக்டர், விடியக்கால அரைக் கோப்பை குடிப்பா. பிறகு பின்னேரம் வீட்ட போய்த்தான். நாங்க நாலு பேரும் அப்பிடித்தான்."

"இந்த வெயிலிலயா? ஏன்?"

"கந்தோரில டொய்லட்டுக்குப் போறதெண்டா பெரியவர்ட்ட திறப்புக் கேக்கணும். அக்கா வந்த முதல் கிழமை கேட்டதுக்கு அவர், 'என்ன பிள்ள, இப்பதானே போய் வந்தீங்க, வாவித் தண்ணி முழுக்க நீங்களா குடிச்சீங்க' எண்டு கேட்டாராம். எல்லாரும் சிரிச்சாங்களாம். அதோட அக்கா தண்ணியையே விட்டுட்டா."

அந்தப் பகிடி எனக்கு நினைவில் இல்லை. ஆனால் சிரித்தவர்களில் நானும் ஒருவனாக இருந்திருப்பேன். சில்வெஸ்டர் ஐயாவின் பகிடிக்கு நான் சிரிக்காமல் விட்டதில்லை.

டொக்டர் படத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னார், "கல்லு ஒண்டு மூத்திரக் குழாயில இறுகி நிக்குது. இடது பக்கக் கிட்னி வீங்கியிருக்கு. கிருமியும் ஏறியிருக்கு. இப்ப மருந்து தாறன். ஆறு கிழமையில, ஒண்டரை மாசத்தில, திரும்ப ஸ்கேன். அதுக்குள்ள கல்லு இறங்கணும். இறங்காட்டி ஒப்பரேசன். ஒரு நாளைக்கு மூணு லீட்டர் தண்ணி குடிக்கணும், கந்தோரிலயும் குடிக்கணும். இல்லாட்டி இந்தக் கிட்னிக்கு நான் பொறுப்பில்ல."

அடுத்த நாள் இரண்டு இளநீரோடு வைத்தியசாலை வாட்டுக்குப் போனேன். கொஞ்சம் தெளிந்திருந்தார். எனக்குச் சுற்றிவளைத்துப் பேச வராது.

"மிஸ், ஒண்டு கேக்கணும். எண்ட தேத்தண்ணிய நீங்க குடிக்காதது என்னத்துக்கு?"

"அத பத்து மணிக்குக் குடிச்சா, பதினொரு மணிக்குத் திறப்புக் கேக்கணுமே, அண்ணன்."

"அவ்வளவுதானா?"

"வேறென்ன?"

நான் நினைத்திருந்ததைச் சொன்னேன். தகப்பன் தொழில் வரைக்கும் சொன்னேன். அவர் கண்ணை விரித்துப் பார்த்தார். பிறகு விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஐயோ, சிரிக்க வெக்காதீங்க, நோகுது. இத மனசில வெச்சிக்கிட்டா ஏழு வருசமா ஃபைலத் தூக்கி எறிஞ்சீங்க? எனக்கெண்டா, உங்களுக்கு ஆரோடயும் முகம் குடுத்துப் பேசத் தெரியாது எண்டுதான் எண்ணம்."

"அதுவும் உள்ளதுதான், தங்கச்சி" என்றேன்.

சிரிப்பு அடங்கியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் சம்பளமில்லா லீவு எழுதப்போறன், அண்ணன். மூணு லீட்டரக் குடிச்சிட்டு அந்தக் கதிரையில எப்பிடி இருக்கிற? வீட்ட இருந்தா கிட்னியாவது மிஞ்சும்."

"அந்தக் கூடாரத்தில இருந்து படிச்ச படிப்ப விட்டுட்டுப் போகப்போறீங்களா? கேளுங்க. வாய் இருக்கெல்லா?"

"நீங்க ஆம்பிள. உங்களுக்கு மதில் இருக்கு."

அன்றைக்கே கந்தோருக்கு வந்து சில்வெஸ்டர் ஐயாவிடம் பூட்டைக் கழற்றுவோமா என்று கேட்டேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. நத்தார்ப் பண்டிகைக்குக் கேக் கொண்டுவந்து எல்லாருக்கும் தன் கையால் வெட்டிக் கொடுப்பவர். ஆனால் இருபது வருடம் ஓடிய ஒழுங்கை மாற்றச் சொன்னால் அவருக்குத் தலை சுற்றும்.

"கழட்டினா பஸ் ஸ்டாண்டுச் சனம் முழுக்க இஞ்சதான் வரும். கழுவுறது ஆர்? நீ. என்ன சொல்றாய்?"

நான் வெறும் கோப்பைகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த இடத்தில் நான் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து கேதீஸ்வரி வேலைக்கு வந்தார். லீவுக் கடிதம் இல்லை; படித்த படிப்பை விட மனம் வரவில்லையாம். கையில் இரண்டு லீட்டர்ப் போத்தல் ஒன்று. நிருஷா அதில் சிவப்புக் கியூட்டெக்ஸால் கோடு போட்டு ஒன்பது, பத்து, பதினொன்று என்று மணி எழுதியிருந்தாள். போத்தலை ஃபைல்களுக்கு நடுவில், எல்லாரும் காணும்படி வைத்தார். ஒன்பது மணிக் கோடு வரைக்கும் குடித்தார். கொஞ்ச நேரத்தில் எழும்பிப்போய், வாங்கு நிறையச் சனம் இருக்க, சில்வெஸ்டர் ஐயாவுக்கு முன்னால் நின்றார்.

"ஐயா, திறப்பு."

சத்தம் பெரிதுதான். ஆனால் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி முறுக்கினார். நான் கண்டேன். பலகையை வாங்கி, நிமிர்ந்து நடந்தார். பத்து மணிக்குப் பிறகு மீண்டும். பதினொன்றரைக்கு மீண்டும். நாலாவது தரம் சில்வெஸ்டர் ஐயா கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"என்ன பிள்ள, இண்டைக்கு..."

"டொக்டர் சொன்னது ஐயா. மூணு லீட்டர். கல்லு ஒண்டு இஞ்ச நிக்குது" என்று விலாவைத் தொட்டுக் காட்டினார். "அது இறங்குமட்டும் நான் இப்பிடித்தான் வருவன். சிரிக்கிறவங்க சிரிக்கட்டும். எனக்கு ஆறு கிழமைதான் தவணை."

ஒருவரும் சிரிக்கவில்லை. வாங்கிலிருந்த வயலுக்காரர் ஒருவர், "அந்தப் புள்ளைக்கு திறப்பக் குடு ஐயா, நிக்க வெக்காம" என்றார்.

அடுத்த நாள் சப்னாவும் போத்தலோடு வந்தாள். அதற்கடுத்த நாள் மற்ற இருவரும். சில்வெஸ்டர் ஐயாவுக்கு ஒரு கடிதத்தை முழுதாக வாசிக்க முடியவில்லை. பாதியில் "ஐயா, திறப்பு." கதிரையை இழுத்து, திரும்பி, ஆணியில் எட்டி, எடுத்துக் கொடுத்து, திரும்பி இருந்தால் அடுத்தவர் நிற்பார். அவருக்கு முழங்கால் வாதம் வேறு.

"கேதீஸ்வரிப் பிள்ள, இந்தத் திறப்ப நீங்களே வெச்சுக்கங்க. ஆண்டவரே, எனக்கு ஏலாது."

கேதீஸ்வரி வாங்கவில்லை. "எண்ட மேசையில வெச்சா இவங்க என்னட்ட வந்து நிக்கணும். அப்பவும் இதே கூத்துத்தானே ஐயா."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்து மாட்டிக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"கோணாமலை, கழுவுறவன் நீ. ஒரு நாளைக்கு ரெண்டு தரம் கழுவுவியா?"

"மூணு தரமெண்டாலும் கழுவுறன். பூட்டக் கழட்டுங்க."

அவரே வந்து கழற்றினார். உள்ளே பார்த்தபோது எனக்குக் கோபம் வந்தது, என் மேல்தான். உள்பக்கக் கொண்டி உடைந்து எத்தனை வருடமோ. பெண்கள் போனால் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொள்வார்களாம், அல்லது ஒருவருக்கொருவர் காவல் நிற்பார்களாம். தினம் கழுவுகிறேன் என்று கையெழுத்து வைத்தவன் நான், அதைக் காணவில்லை. அன்று பின்னேரமே புதுக் கொண்டி அடித்தேன். சப்னா வாசலில் நின்று வேலை சொன்னாள். "ஹேன்பேக் கொழுவ ஒரு ஆணி வேணும் அண்ணன். மூடி போட்ட வாளி ஒண்டும். என்னத்துக்கு எண்டு கேக்காதீங்க." கேட்கவில்லை. வீட்டில் மூன்று பெண்பிள்ளைகளை வளர்த்தவன் நான்.

சில்வெஸ்டர் ஐயா சொன்னதுபோல் பஸ் ஸ்டாண்டுச் சனம் கொஞ்சம் வரத்தான் செய்தது. கழுவிக் கழுவி என் இடுப்பு நொந்தது. அதை நான் வாய்விட்டுச் சொல்லாமலும் இல்லை. "உங்கட இடுப்புக்கும் தண்ணி குடிங்க" என்பார் கேதீஸ்வரி, ஃபைலிலிருந்து தலை நிமிராமல். போத்தல் பின்னேரம் மூன்று மணிக்கு வெறுமையாகிவிடும். நான் கிணற்று நீரைக் காய்ச்சி ஆறவைத்து நிரப்பிக் கொடுப்பேன். இடையில் இரண்டு தரம் நோவு வந்தது. ஒரு தரம் பாதி நாளில் வீட்டுக்குப் போனார். கல்லு இறங்குதா ஏறுதா என்று எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

ஆறாம் கிழமை புதன்கிழமை ஸ்கேன். அன்றைக்கு ஒருவருக்கும் வேலை ஓடவில்லை. பதினொன்றரை மணிக்கு சில்வெஸ்டர் ஐயாவின் மேசையில் தொலைபேசி அடித்தது.

"ஓம். ஓம் பிள்ள. எப்ப? ஓம்."

வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். சப்னா எழும்பி நின்றாள்.

"கல்லு இல்லையாம். எப்ப விழுந்ததெண்டும் தெரியாதாம். வீக்கம் முக்கால்வாசி வத்திட்டு, மிச்சமும் வத்துமெண்டு டொக்டர் சொன்னாவாம். ஒப்பரேசன் தேவையில்ல." பிறகு லீவுப் புத்தகத்தை மூடினார். "இண்டைக்கு வரவேணாம், லீவு போடுறன் எண்டு சொன்னன். ரெண்டு மணிக்கு ஆரோ ஒரு பொம்பிளைக்கு வரச்சொல்லியிருக்காவாம். வாறாவாம்."

இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்க வந்தார். அந்தப் பெண் கரடியனாற்றுப் பக்கம். வயிற்றில் ஏழெட்டு மாதப் பிள்ளை, கையில் புருசனின் மரணச் சான்றிதழ். விடியவே வெளிக்கிட்டு இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். வாங்கின் நுனியில் குந்தி, தாளை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். கேதீஸ்வரி ஹேன்பேக்கை மேசையில் வைத்துவிட்டு அவளுக்குப் பக்கத்தில் போனார்.

"தாள என்னட்டத் தாங்க, நான் பாக்கிறன். பின்னால போக நேராத் தெரியிற கதவு, உள்ளால கொண்டி இருக்கு. போயிட்டு வாங்க, ஆறுதலாக் கதைப்பம்."

அந்தப் பெண் சில்வெஸ்டர் ஐயாவை ஒருதரம் பயந்து பார்த்தாள். அவர் கடிதம் ஒன்றில் குனிந்திருந்தார். அவள் எழும்பி, வயிற்றைத் தாங்கியபடி பின்பக்கமாக நடந்தாள்.