பசிக்காத இயக்குநர்

என் கணவர் ஒரு பெரிய மின்சாரக் கம்பெனிக்குத் தலைவராக இருந்தார். வீட்டில் பல்பு மாற்றத் தெரியாது, அது வேறு விஷயம். இது அவர் கதையும் இல்லை. அவருடைய அக்காவின் கதை. முறைக்கு எனக்கு நாத்தனார், கூப்பிடுவது அண்ணி என்று.

அண்ணி பல் டாக்டர். வீட்டின் முன்னறையில்தான் கிளினிக். அறுபது தாண்டியும் கடைவாய்ப் பல்லை ஒரே இழுப்பில் எடுப்பார். வலிக்குமா என்று கேட்டால் "வலிக்கும்" என்பார். இந்த ஒரு குணத்தாலேயே பாதிக் கூட்டம் அடுத்த தெரு டாக்டரிடம் போய்விட்டது. மீதிப் பேர் அண்ணியை விட்டு நகர மாட்டார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் என் வாயைப் பார்த்து அவர் சொன்ன முதல் வார்த்தை, "ரெண்டு பல்லு சொத்தை. சொல்லாம கட்டி வச்சுட்டாங்க." நாத்தனார் என்றால் நாத்தனார்தான்.

இப்படிப்பட்டவர் கம்பெனியின் இயக்குநர் குழுவுக்குள் எப்படி வந்தார்? குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. என் கணவர் வெளியே தேடவில்லை. "எங்க அக்கா இருக்கா. கூப்பிட்டா வருவா, காட்டுற இடத்துல கையெழுத்துப் போடுவா" என்றார். கூடப் பிறந்தவளைப் பற்றி இத்தனை வருடம் ஒன்றுமே தெரிந்துகொள்ளாமல் இருக்க ஆண்களால்தான் முடியும்.

கூட்ட அறையை நான் பார்த்திருக்கிறேன். நீள்வட்ட மேஜை, சுழல் நாற்காலிகள், ஆளுக்கொரு மைக். பக்கத்து அறையில் சாப்பாடு. நடுவே இருப்பது ஒரு மரத் தடுப்புதான். அங்கே பாத்திரத்தைத் திறந்தால் வாசனை இங்கே வந்துவிடும். என் கணவரின் ராஜதந்திரம் முழுக்க அதில்தான் இருந்தது. வில்லங்கமான விஷயம் எதையும் காலையில் எடுக்க மாட்டார். வாசலில் என்ன பூச்செடி வைப்பது, ஆண்டறிக்கைக்கு என்ன நிறத்தில் அட்டை போடுவது என்று காலை முழுக்க எல்லாரையும் முட்டிக்கொள்ள விடுவார். தடுப்புக்கு அந்தப் பக்கம் தட்டுச் சத்தம் கேட்கும்போதுதான் வில்லங்கம் மேஜைக்கு வரும். பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்பார்கள். இயக்குநர்களுக்கு முதலில் பறப்பது கேள்விதான். ஓட்டெடுப்பெல்லாம் கிடையாது. தலைவர் ஃபைலை மூடினால் நிறைவேறிவிட்டது என்று அர்த்தம். இதை அவரே என்னிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

அண்ணிக்குச் சர்க்கரை வியாதி. பன்னிரண்டு மணிக்கு வயிற்றில் ஏதாவது விழாவிட்டால் கை நடுங்கும். முதல் கூட்டத்திலேயே அதைக் கவனித்த என் கணவர், "அக்கா மட்டும் உள்ளேயே சாப்பிடலாம்" என்று உத்தரவு போட்டார். தம்பி பாசம், வேறென்ன! அன்றிலிருந்து அண்ணி மட்டும் டப்பாவைத் திறந்து, வெள்ளரிக்காயும் அவித்த முட்டையும் சாப்பிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு தெம்பாக உட்கார்ந்திருப்பார். தன் கையாலேயே தனக்குக் குழி வெட்டிக்கொண்டது என் கணவருக்குத் தெரியவில்லை.

ஒரு வருடம் லாபம் படுத்துவிட்டது. அவர் பதவிக்காலமும் முடிய இருந்தது. பங்குதாரர்களுக்கு நல்ல ஈவுத்தொகை கொடுத்தால் இன்னொரு சுற்று கிடைக்கும்; இல்லாவிட்டால் கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள். கம்பெனி பங்களாவும் காரும் கூடவே போகும். நிதி இயக்குநர் ஒரு வழி கண்டுபிடித்தார். பழைய அனல்மின் நிலையத்தில் கொதிகலனை நிறுத்திப் பழுதுபார்க்கப் பணம் ஒதுக்கியிருந்தார்கள். அந்த வேலையை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவிட்டால் அவ்வளவும் லாபமாகத் தெரியும்.

கூட்டத்தன்று காலையில் நானே அண்ணிக்குப் போன் செய்தேன். எனக்குப் பங்களாவை விட மனமில்லை. ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது?

"அண்ணி, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் தலையாட்டிடுங்க."

"எதுக்கு?"

"உங்க தம்பிக்காக."

"சரி, பாக்கறேன்."

அண்ணி பார்க்கிறேன் என்றால் நிஜமாகவே பார்ப்பார்.

பிறகு நடந்ததை அக்காவிடமும் தம்பியிடமும் தனித்தனியாகக் கேட்டேன். வசவுதான் வேறு, சங்கதி ஒன்றே. தட்டுச் சத்தம் கேட்டதும் நிதி இயக்குநர் எழுந்தார். திரையில் பச்சை அம்புகள் மேலே போயின. அண்ணி மைக்கைத் தட்டினார்.

"ரிப்பேரைத் தள்ளிப்போடறீங்க, அதானே?"

"தள்ளிப்போடறது இல்ல மேடம். செலவோட காலத்தை மாத்தி அமைக்கறோம்."

"என்கிட்ட வர்றவங்களும் இப்படித்தான் எதையாவது சொல்வாங்க. அப்புறம் கன்னம் வீங்கி வருவாங்க. அந்த நிலையத்தை நடத்தறவர் என்ன சொல்றார்?"

நிலைய மேலாளர் வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு கூட்டத்துக்கும் அவரை வரச்சொல்வார்கள். உள்ளே மட்டும் கூப்பிட மாட்டார்கள். என் கணவர் ஃபைல்மேல் கையை வைத்தார்.

"சாப்பிட்டுட்டுப் பேசலாமேக்கா."

"சாப்பிட்டா எவனும் இதைப் பேச மாட்டான். ஃபைலை மூடாதடா. அவரைக் கூப்பிடு."

அந்த 'டா'வைக் கேட்டதும் நிதி மேதைகள் அத்தனை பேரும் கூரையைப் பார்த்தார்களாம்.

மேலாளர் வந்தார். தலைவரைப் பார்த்தார், நிதி இயக்குநரைப் பார்த்தார், கடைசியில் அண்ணியின் காலி டப்பாவைப் பார்த்துப் பேசினார்.

"குழாய்ல ஒட்டு மேல ஒட்டுப் போட்டு ஓட்டறோம். தாங்கும்னும் சொல்ல முடியல, தாங்காதுன்னும் சொல்ல முடியல. அந்தப் பக்கம் போறப்ப நானே மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடக்கறேன். மத்தவங்க நாள் பூரா அங்கதான் நிக்கறாங்க."

அதுவரை இயக்குநர்கள் 'எங்களுக்குத் தெரியாது' என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். இனி முடியாது.

"கை தூக்கிச் சொல்லுங்க," என்றார் அண்ணி. "எனக்கு அவசரமில்ல. நான் சாப்பிட்டாச்சு. சாயங்காலம் வரைக்கும் உக்காருவேன்."

யாராவது ஒருவர் கேட்டால் ஓட்டெடுத்தே ஆக வேண்டும் என்று கம்பெனி விதியில் இருந்திருக்கிறது. அதுவரை யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. என் கணவர் இறங்கி வரவில்லை, அண்ணியும் இறங்கி வரவில்லை. தடுப்புக்கு அப்பால் யாரோ பாத்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்கள். முதலில் ஒரு ரிட்டயர்டு வங்கிக்காரர், தள்ளிப்போட வேண்டாம் என்று கை தூக்கினார்; அவருக்கு அல்சர். பிறகு ஒவ்வொரு கையாக எழுந்தது. எந்தப் பசியை வைத்து என் கணவர் காரியம் சாதித்துவந்தாரோ அந்தப் பசி கட்சி மாறிவிட்டது.

கொதிகலனைத் திறந்தார்கள். உள்ளே எல்லாம் கந்தலாகத் தொங்கியது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அப்படி இல்லை. பாதி எஞ்சினியர்கள் இன்னும் ஒரு வருடம் தாங்கியிருக்கும் என்றார்கள், மீதிப் பேர் ஒரு மாதம்கூடத் தாங்காது என்றார்கள். முதல் பாதி சொன்னதை மட்டும் என் கணவர் மனப்பாடம் செய்துகொண்டார். ஈவுத்தொகை சுருங்கியது. பதவி போனது, பங்களா போனது. புதுத் தலைவர் அண்ணியையும் கழற்றிவிட்டார். இப்போது அந்த மேஜையில் எல்லாருக்கும் காலையிலேயே பிஸ்கட் வைக்கிறார்களாம். அந்தக் கம்பெனியில் அண்ணி செய்த சீர்திருத்தம் அவ்வளவுதான்.

அக்கா தம்பி பேச்சு நின்றுபோனது. நானும் பேசவில்லை. என் ரோஜாச் செடிகள் பங்களாவோடு போயிருந்தன, எனக்குக் கோபம் இருக்காதா?

அப்புறம் ஒரு நாள் அவர் கன்னம் வீங்கி எழுந்தார். மாதக்கணக்கில் தள்ளிப்போட்ட பல். அடுத்த தெரு டாக்டரிடம் போகலாம் என்றார். நான் காதில் வாங்காமல் அண்ணி வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்கினேன்.

அண்ணி நலம் விசாரிக்கவில்லை. "வாயைத் திற" என்றார். ஊசி போட்டு, மரத்துப்போகும் வரை காத்திருந்து, கன்னத்தைத் தட்டி "தெரியுதா?" என்றார். இவர் இல்லை என்று தலையாட்டினார். பல் வரும்போது ஆடாமல் அசையாமல்தான் இருந்தார். பஞ்சை வைத்துக் கடிக்கச் சொல்லிவிட்டு, கையுறையைக் கழற்றிக்கொண்டே அண்ணி பேசினார்.

"உனக்கு எதிரா நான் கை தூக்கலடா. அந்த மனுஷன் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நடக்கறாரேன்னு தூக்கினேன். அங்க நடக்கறது நீயா இருந்தாலும் தூக்கியிருப்பேன்." கையுறையைக் குப்பையில் போட்டார். "அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கல, தெரியுமா?"

வாயில் பஞ்சு. கண்ணில் மட்டும் பொலபொலவென்று கொட்டியது.

வெளியே வந்து எங்கள் பழைய சொந்தக் காரில் ஏறியதும், "வலி தாங்கலடி" என்றார் பஞ்சோடு. மரத்துப்போன கன்னத்தில் என்ன வலி என்று நான் கேட்கவில்லை.