நீல ரெகுலேட்டருக்கு வைத்த பொட்டு

பிரேமினி சேலை எடுக்கப் போனால் கடைக்காரர் இரண்டாவது தேநீருக்கும் சேர்த்தே சொல்லிவிடுவார். அவ்வளவு யோசிப்பாள். நாற்பதைத் தாண்டியும் கல்யாணத்துக்குத் தலையாட்டாததற்கு அதுதான் காரணம் என்று உறவினர்கள் கதை கட்டிவிட்டார்கள். பங்சாரில் இன்சூரன்ஸ் அலுவலக வேலை, பிரிக்பீல்ட்ஸில் அம்மா குணபூசணியோடு அடுக்குமாடி வீடு. இப்படிப்பட்டவள் தன் பழைய கான்சில் என்ற குட்டிக் காருக்கு டர்போ இன்ஜின் ஏற்ற மட்டும் ஒரே நாளில் முடிவெடுத்தாள். அம்மாவோ, செப்பாங் பந்தயத் திடலுக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதே என்றார்.

அந்தச் செப்பாங் ஓட்டம் இந்த ஞாயிறு. பிரேமினிக்கு அதுதான் முதல் ஓட்டம். சிக்கல் என்னவென்றால், டர்போ காற்றை அழுத்தி ஊதும்போது பெட்ரோல் பின்தங்கியது. கார் திக்கித் திணறியது. அப்படியே விரட்டினால் பிஸ்டன் உருகிவிடும். சனிக்கிழமை சோதனையில் சரியாக ஓடாவிட்டால் செப்பாங்குக்கு விடமாட்டேன் என்று பூச்சோங் பட்டறைக்காரன் தனேஷ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்.

ஆகவே பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தப் புது ரெகுலேட்டர் தேவை. வீட்டில் ஒருவர் குரலை உயர்த்தினால் மற்றவர் தணிந்து போக வேண்டும் என்பார்கள். இங்கே கதை நேர்மாறு. டர்போவின் அழுத்தம் ஏறும் அளவுக்குப் பெட்ரோலும் ஏற வேண்டும். எவ்வளவு ஏறியது என்ற செய்தி இன்ஜினிலிருந்து ஒரு ரப்பர் குழாய் வழியாக ரெகுலேட்டரின் தலையில் இருக்கும் சின்ன மூக்குக்குள் போகும்.

பெரியதாகவே போடச் சொன்னான் தனேஷ். பிரேமினி மசியவில்லை. பெரியது பெரிய இன்ஜினுக்கு. குருவி போன்ற இந்த இன்ஜின் சும்மா நிற்கும்போது அதில் அழுத்தம் நிலைக்காமல் ஆடும். இணையத்தில் மலிவாக மினுக்கியவற்றின் உள்ளே இருக்கும் ரப்பரை அவள் நம்பவில்லை. கடைசியில் கிள்ளானில் ஒரு உதிரிபாகக் கடையில், எலுமிச்சம்பழ அளவில் நீலமாக ஒன்று கிடைத்தது. குழந்தையைத் தூக்கி வருவதுபோல் வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

ராத்திரி சாமி மேடையில் இருக்கட்டும் என்றார் அம்மா. காலையில் பார்த்தால் அதன் தலையில் குழைத்த சந்தனமும் குங்குமமும். பிரேமினி சிரித்துக்கொண்டே துணியால் துடைத்துவிட்டுப் பட்டறைக்கு எடுத்துப் போய்க் காரில் பூட்டினாள்.

சனிக்கிழமை வந்தது. காய்கறி வாங்கப் பாசாருக்குப் போகும் சாக்கில் அம்மாவும் கூடவே வந்து, பட்டறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் காய்கறிப் பையோடு உட்கார்ந்தார். நின்ற இடத்திலேயே சக்கரம் சுழல, உருளைகள்மேல் காரை ஏற்றி முடுக்கினார்கள். டர்போ சீறியது. பெட்ரோல் அழுத்த முள் மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. தனேஷ் சட்டென்று நிறுத்தினான்.

"நான் அப்பவே சொன்னேன்லா அக்கா. பெரிசு போட்டிருக்கணும்."

இத்தனை நாள் யோசித்தது தப்பாகிப் போனதா? இல்லை. அளவு தப்பென்றால் முள் ஆடும். இதுவோ மரக்கட்டையாக நிற்கிறது. இன்ஜினைச் சும்மா ஓடவிட்டு, ரப்பர் குழாயைப் பிடுங்கினாள். சும்மா ஓடும் இன்ஜின் அந்தக் குழாய் வழியே காற்றை உறிஞ்சிப் பெட்ரோல் அழுத்தத்தைத் தணித்து வைத்திருக்கும்; பிடுங்கியதும் முள் கொஞ்சம் எழும்ப வேண்டும். எழும்பவில்லை. அப்படியானால் செய்தியே உள்ளே போகவில்லை.

இன்ஜினை நிறுத்திவிட்டுக் குனிந்து ரெகுலேட்டரின் மூக்குக்குள் பார்த்தாள். மஞ்சளாக ஏதோ காய்ந்து அடைத்திருந்தது. முகர்ந்தாள். சந்தனம்.

நாற்காலியில் இருந்த அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, பொடி உள்ளே விழாமல் பக்குவமாக வெளியே கிளறி எடுத்தாள். தூசி அடைத்துவிட்டது என்று தனேஷிடம் சத்தமாகச் சொன்னாள்.

மறுபடி முடுக்கினார்கள். டர்போ ஏற ஏற முள்ளும் கூடவே ஏறியது, துளி பிசகாமல். கான்சில் கர்ஜித்தது. பிரேமினி தன்னை மறந்து குதித்தாள். இன்சூரன்ஸ் அலுவலகம் பார்த்திருந்தால் நம்பியிருக்காது. தனேஷ் முள்ளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். செப்பாங்குக்குப் போகலாம் அக்கா என்றான்.

காய்கறிப் பையைக் காரில் வைக்கும்போது அம்மா பக்கத்தில் வந்து மெதுவாகப் பேசினார்.

"சந்தனம்னே சொல்லியிருக்கலாம். நான் என்ன அழவா போறேன்?"

சொல்லிக்கொண்டே அம்மா பையிலிருந்து எலுமிச்சம்பழங்களை எடுத்துக் காட்டினார்.

"இத டயருக்குக் கீழதான் வைப்பேன், வேற எங்கயும் கை வைக்கமாட்டேன். நாளைக்கு எத்தன மணிக்கு நாம கெளம்பணும்?"