ஆட்டுத் தலையும் அரசாங்கத் தரவு மையமும்

கிர்கிஸ்தானின் நாரின் நகரப் பதிவு அலுவலகத்தின் கடைசி அறையில் ஒரு சர்வர் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்ள சகினாலி இருந்தார். எங்கள் ஊரில் பிறந்தவர்கள், செத்தவர்கள், கல்யாணம் செய்துகொண்டு பின்னால் வருத்தப்பட்டவர்கள் எல்லோரும் அந்த இரும்புப் பெட்டிக்குள்தான். சகினாலியின் வாழ்க்கை வரலாறும் பெரிதாக ஒன்றுமில்லை. பள்ளிக்கூடம், ராணுவம், கல்யாணம், வரிசையாகப் பெண் பிள்ளைகள், பிறகு அந்தப் பெட்டி. குளிர்காலத்தில் பெட்டியின் சூட்டில் அறை கதகதப்பாக இருக்கும் என்பதால் அலுவலகமே அங்கேதான் தேநீர் குடித்தது.

நாடெங்கும் சிதறிக் கிடக்கும் இப்படிப்பட்ட பெட்டிகளைத் தலைநகர் பிஷ்கேக்கில் ஒரே மையத்தில் சேர்ப்பது, அதை நடத்தும் வேலையை வெளியே ஒரு கம்பெனியிடம் ஒப்படைப்பது என்று மேலிடம் முடிவு செய்தது. செலவு குறையுமாம். நல்ல யோசனைதான். டெண்டர் குழுவின் தலைவருக்கு ஒரு மருமகன் இருந்தார். மருமகனுக்கு ஒரு கம்பெனி இருந்தது. டெண்டர் அந்தக் கம்பெனிக்கே கிடைத்தது. கடவுள் சில குடும்பங்களை இப்படித்தான் ஆசீர்வதிக்கிறார்.

இந்த வேலைக்கு ஊருக்கு ஒரே ஆளைக் கம்பெனி வைத்துக்கொள்ளும்; அது கிடைக்காவிட்டால் சகினாலி வீட்டுக்குப் போகலாம். மருமகன் எல்தியாரே நேரில் வந்து ஆளைத் தேர்ந்தெடுக்கப் போகிறார் என்றதும், எங்கள் தலைமை அதிகாரி தோக்தோபுபு ஒரு ஆட்டை அறுக்கச் சொன்னார். இறைச்சி பங்கு வைக்கும் பொறுப்பு சகினாலிக்கு வந்தது.

"ஆளப் பார்த்துப் போடு சகினாலி. இந்த வயசுல உன்ன வேற எவன் வேலைக்கு வெப்பான்?" என்றார் தோக்தோபுபு.

"போட்டுர்றேன்க்கா."

எங்கள் விருந்துகளில் ஒவ்வொரு எலும்புக்கும் ஒரு தகுதி உண்டு. தலை, விருந்தாளிகளில் வயதில் மூத்தவருக்கு. அன்று வந்தவர்களில் மூத்தவர் எல்தியாரின் கார் டிரைவர், வெள்ளைத் தாடி ஒஸ்மோன்குல். சகினாலி தலை வைத்த தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தார். கிழவர் முன்னால் ஒரு கணம் நின்றார். பிறகு அவரைத் தாண்டிப் போய், மீசைகூடச் சரியாக முளைக்காத எல்தியார் முன்னால் தட்டை வைத்தார்.

கிழவர் தன் தேநீர்க் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்குத்தான் வாயில் போட்ட கொழுப்பு இறங்கவில்லை. ஆனாலும் இறக்கினோம். நல்ல கொழுப்பு.

"அய்யோ, எனக்கா? ரொம்ப மரியாதை பண்றீங்களே!" என்று எல்தியார் தலையோடு சேர்த்துத் தன்னைப் படம் பிடித்துக்கொண்டார்.

தலையை வாங்கியவர் காதை அறுத்துப் பந்தியில் எல்லோரிலும் சின்னவருக்குக் கொடுக்க வேண்டும். அதுவும் வழக்கம். எல்தியார் அறுத்தார். காது கத்திமுனையில் ஆடியது.

"இங்க யாருங்க சின்னவர்?"

சுற்றிப் பார்த்தோம். எல்லோர் கண்ணும் கடைசியில் கத்தி பிடித்த ஆளிடமே வந்து நின்றது. அவரைவிடச் சின்னவர் பந்தியில் யாரும் இல்லை.

"இருங்க, அடுப்படியில யாராவது சின்னப் பசங்க..." என்று தோக்தோபுபு எழுந்தார்.

"தேடாதீங்க தங்கச்சி," என்றார் ஒஸ்மோன்குல். "தம்பிக்கு இது பழக்கந்தான். டெண்டரும் இப்படித்தான வந்துச்சு? அந்த வீட்டு ஒரு கை குடுத்துச்சு, இன்னொரு கை வாங்கிக்கிச்சு. சும்மா தின்னுங்க தம்பி."

யாரும் சிரிக்கவில்லை. அரசு ஊழியர்கள் நாங்கள். எங்களுக்குப் பயிற்சி உண்டு. எங்களோடு வேலை பார்க்கும் தோக்தோபுபுவின் அக்கா மகன், எல்தியாரைவிட ஒரே வயது மூத்தவன், ரொட்டியை முதன்முதலாகப் பார்ப்பவன்போல உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். சகினாலிக்கு மட்டும் முதலில் மூக்கு வழியாகச் சூப்பு வந்தது. பிறகு சிரிப்பு. "மன்னிச்சிருங்க சார்" என்பார், பாதியிலேயே மறுபடி வெடிப்பார்.

எல்தியார் காதைத் தானே தின்றார். ஆட்டுக் காதை லேசில் மென்றுவிட முடியாது. நீண்ட நேரம் மென்றார், சகினாலியைப் பார்த்தபடியே.

அடுத்த வாரம் பெட்டி லாரி ஏறியது. வேலை அந்த ரொட்டி பார்த்த பையனுக்குப் போனது. சர்வரை அவன் தொட்டதே இல்லை; தொட வேண்டிய அவசியமும் இனி இல்லை. இப்போது பிறப்புச் சான்று கேட்டு வரும் தாய்மார்களிடம், "மையத்துலேர்ந்து பதில் வரல" என்று முகம் கோணாமல் சொல்கிறான். அதைச் சொல்லத்தான் கம்பெனிக்கு மாதாமாதம் அரசாங்கப் பணம் போகிறது.

சகினாலி தன் தேநீர்க் கிண்ணத்தை எடுத்துப் போக வந்தபோது தோக்தோபுபு கேட்டார்: "ஒரு நிமிஷம் நாக்கக் கடிச்சிட்டு இருந்திருக்கக் கூடாதாய்யா?"

"கெழவரத் தாண்டிப் போயி அந்தத் தட்ட வெச்சப்பவே கொமட்டிச்சுக்கா. சிரிக்காம இருந்திருந்தா அங்கயே வாந்தி எடுத்திருப்பேன்."