முதுகெலும்புக்கு வந்த போன்

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையே பஸ் ஓட்டியே என் இடுப்பு போனது. சிமெண்ட் லாரிகள் உழுதுபோட்ட ரோடு, இன்ஜினை ஒட்டிய சீட். ஐம்பதைத் தாண்டியதும் இடது கால் மரத்து, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை கரண்ட் அடித்ததுபோல் இழுத்தது. கட்டிலை விட்டு எழுவதற்குக்கூட மனைவி கைகொடுக்க வேண்டியிருந்தது.

மெடிக்கல் லீவில் கிடந்தபோது கொழுந்தியாள் போனில் ஒரு விளம்பரம் அனுப்பினாள். டவுனில், செல்போன் கடைக்கு மேல்மாடியில், ஒலி அதிர்வு சிகிச்சை. நரம்பு, முதுகுத்தண்டு, தூக்கமின்மை, திருமணத் தடை அனைத்துக்கும் தீர்வு.

"திருமணத் தடை எந்த எலும்புல இருக்கு?" என்று கேட்டேன்.

"கேலி பண்ணாம கெளம்புங்க" என்றாள் மனைவி.

முதுகு நோயாளிகளுக்கான அந்த இடத்துக்கு லிஃப்ட் இல்லை. செங்குத்தான படி. ஏறி முடித்தவர்கள் கண்ணீரோடு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளை ஜிப்பாவில் வந்த வைத்தியரைப் பார்த்ததும் திடுக்கிட்டேன். பாடாலூர்ப் பக்கம் மைக் செட் வைத்திருந்தவர். எங்கள் கல்யாணத்துக்குக் குழாய் கட்டி, வந்த சொந்தபந்தம் முழுவதையும் சைகையில் பேச வைத்தவர்.

"அந்தத் தொழில விட்டுட்டீங்களா?"

"அது வெளி ஒலிங்க. இது உள் ஒலி. கோர்ஸ் முடிச்சிருக்கேன். படுங்க."

திரைக்குப் பின்னால் ஒரு மரக்கட்டில். அதற்கு அடியில் ஸ்பீக்கர் பெட்டிகள். குப்புறப் படுக்கவைத்து, இடுப்பில் ஒரு வெண்கலக் கிண்ணத்தைக் கவிழ்த்து, பெட்டிகளோடு இணைத்திருந்த தன் செல்போனைத் தட்டினார். கட்டில் உறுமத் தொடங்கியது.

"பஸ்சு நியூட்ரல்ல நிக்கிற மாதிரியே இருக்குங்க."

"அதிர்வால கெட்ட நரம்ப அதிர்வாலதாங்க திருப்பணும்."

உண்மையைச் சொன்னால் சுகமாகத்தான் இருந்தது. வெதுவெதுப்பாக ஏதோ பரவி, கண் சொக்கியது. அப்போது அவர் போனுக்கு அழைப்பு வந்தது. பதறிப்போய்த் துண்டிக்க நினைத்தவர் பச்சையை அழுத்திவிட்டார்.

"எங்க போய்த் தொலைஞ்ச? சிலிண்டர் வந்து நிக்குது, வூட்டுச் சாவி எங்கய்யா?"

அவர் மனைவியின் குரல் என் முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவிலும் இறங்கியது. சாவி என்னிடம்தான் இருக்கிறது என்பதுபோல நான் துள்ளி எழுந்து நின்றேன். கிண்ணம் தரையில் விழுந்து உருண்டது. சத்தம் கேட்டு என் மனைவி திரையை விலக்கினாள்.

"ஆரும் புடிக்காமயே எந்திரிச்சுட்டாரு!" என்று கத்தினாள்.

வரிசையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். வைத்தியர் சட்டென்று சுதாரித்துக்கொண்டார். "மொத நாள்லயே நரம்பு தெறந்துருச்சு பாருங்க" என்றார்.

மறுநாள் காலையில் காலை ஊன்ற முடியவில்லை. எலும்பு டாக்டரிடம் போனோம். ஸ்கேன் பார்த்துவிட்டு, விலகிய ஜவ்வு நரம்பை நசுக்குகிறது என்றார். முந்தைய நாள் கதையையும் சொன்னேன். சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாடு தெரிந்தது. "அதிர்வு கொஞ்சம் சொகமா இருக்கும், தூக்கம் வரும். ஜவ்வ அதால உள்ள தள்ள முடியாதுங்க" என்று சொல்லி, மாத்திரையும் உடற்பயிற்சியும் கொடுத்தார். தினமும் தரையில் படுத்து முட்டியை மடக்கி நீட்டினேன். மாதக்கணக்கில் ஆனது. மெல்ல மெல்ல இழுப்பு குறைந்து, கைத்தாங்கல் இல்லாமல் நடந்தேன். டிப்போவில் உட்கார்ந்து செய்யும் வேலையும் கிடைத்தது.

நான் துள்ளி எழுந்த கதை அதற்குள் என்னைவிட வேகமாக ஊர் சுற்றியிருந்தது. ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் லப்பைக்குடிக்காட்டு அம்மா ஒருவர் என்னை நிறுத்தினார்.

"அண்ணே, ஒரே தடவையில எந்திரிச்சது நீங்கதானே? எங்க உம்மாவுக்கும் அதே வலி."

போன் வந்ததிலிருந்து ஸ்கேன் வரை ஒன்றுவிடாமல் சொன்னேன். டாக்டர் இருக்கும் தெருவையும் சொன்னேன். அவர் பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டார்.

"எல்லாம் சரிண்ணே. அந்தக் கட்டிலு வெள்ளிக்கெழமையும் உண்டா?"