நாற்பத்தெட்டாவது அணியின் கோல்கீப்பர்

உலகக் கோப்பையில் நாற்பத்தெட்டு அணிகள் என்று கேள்விப்பட்டதும், முகையூர் கால்பந்துக் குழுவும் தன் போட்டியின் எட்டு அணிகளை நாற்பத்தெட்டாக்கியது. ஆள் பற்றாமல் போனதால்தான், இருபது வருடமாக ஆட்டக்காரர்களுக்குத் தண்ணீர் தூக்கிய செல்வகுமார் நாற்பத்திரண்டு வயதில் நாற்பத்தெட்டாவது அணிக்குக் கோல்கீப்பரானான். மனைவி புனிதாவின் கண்ணெதிரே ஒரே ஒரு பந்தையாவது பிடித்துவிட வேண்டும் என்று அவன் நெஞ்சு கிடந்து துடித்தது.

ஆனால் குழு, கோல் கம்பங்களையும் விளம்பரத்துக்கு விற்றிருந்தது. விழுப்புரம் பம்புசெட் கடை முதலாளி கோதண்டபாணி கைகூப்பிச் சிரிக்கும் பேனர், இரண்டு பக்கமும் கோல் வலையை முழுசாக மூடியிருந்தது.

கோலே விழாமல் ஆட்டம் பெனால்டிக்கு வந்தது. எதிரணிக் குமரேசன் பந்தை வானத்துக்கு அடித்தான்.

"நேரா அடிக்கக் கூடாதாடா? உன் கால்ல வுழறேன்," என்று செல்வகுமார் கெஞ்சினான்.

"நீ வுட்டுட்டா முதலாளி மூஞ்சில படும்ணே. நாளைக்கு அவரு கடைக்குத்தான் நான் வேலைக்குப் போவணும்."

இரு அணியிலுமாகப் பத்துப் பேரும் அதே பயத்தில் வெளியே அடித்தார்கள். கடைசியில் பூவா தலையா போட்டதில் செல்வகுமாரின் அணி வென்றது. அவன் தேம்பி அழுதான்.

"இன்னா மாமா, ஜெயிச்சுட்டு அழுதுகினு கீற?" என்றபடி புனிதா மைதானத்துக்குள் வந்தாள்.

"பந்தத் தொடவே இல்லியே புனிதா."

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பந்தை எடுத்தாள்.

"இந்தா, புடி."

அவன் பாய்ந்து அதை மார்போடு அணைத்துக்கொண்டான். இருவர் கண்களும் குளமாயின.

"இந்தக் கேட்சை உங்களுக்கு வழங்கியவர்கள் கோதண்டபாணி பம்புசெட்ஸ்," என்றது ஒலிபெருக்கி.