குறிப்பேட்டில் விடுபட்ட முருகன்

சென்ற ஞாயிறு காலை ஒன்பது நாற்பதுக்கு, நான் என் கைப்பட எழுதிய ஒரு வாக்கியத்தைப் பொய் என்று ஒரு பெண் சொன்னார்.

என்னைத் தொடர்ந்து வாசிக்கிற உங்களுக்குத்தான் தெரியுமே, நான் எதையும் எழுதி வைக்கிறவள். மழை பிடித்த நேரம், விட்ட நேரம், பஸ் தாமதமான நிமிடம்... எல்லாம் டைரியில் இருக்கும். என்னைச் சிடுமூஞ்சி என்று சொல்லுங்கள், சிரித்துக்கொள்வேன். தப்பாக எழுதினாய் என்றால்? அன்று முழுக்கச் சோறு இறங்காது.

நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் தம்போயில் ஒரு டயர் கடையின் மேல்மாடியில் ஞாயிறுதோறும் பதினான்கு பேர் கூடுகிறோம். அது கோயில் அல்ல, சர்ச்சும் அல்ல. பிறந்த மதத்தில் சொல்லிக் கொடுத்ததைப் பாதிக்கு மேல் நம்ப முடியாமல் போனவர்கள் நாங்கள். அதற்காக ஞாயிறு காலையில் வீட்டில் சும்மா இருக்கவும் முடியவில்லை. வாசலில் ஓர் அட்டை தொங்கும் — ‘நம்பிக்கை உள்ளவர், இல்லாதவர், அனைவரும் வருக.’ எழுதியவள் நான்தான்.

முதலில் சென்ற வாரக் கூட்டக் குறிப்பைச் செயலாளரான நான் வாசிப்பேன். திருத்தம் உண்டா என்று தலைவர் கேட்பார். ஒருவர் முன்மொழிந்து இன்னொருவர் வழிமொழிந்தால் குறிப்பு ஏற்கப்படும். பிறகு ஆளுக்கொரு மெழுகை ஏற்றி, தண்ணீர்க் கிண்ணத்தில் மிதக்கவிட்டு, மனதில் உள்ளதைச் சொல்வோம். இந்த மிதக்கும் மெழுகை முடிவு செய்யவே எங்களுக்கு மூன்று ஞாயிறு பிடித்தது. அகல் விளக்கு வைத்தால் கோயில் மாதிரி ஆகிவிடுமாம். நீள மெழுகுவர்த்தி வைத்தால் சர்ச் மாதிரியாம். கடைசியில் எந்தச் சாமிக்கும் சொந்தமில்லாத ஒரு மெழுகைக் கண்டுபிடித்தோம்!

முடிவில் பத்து நிமிட மௌனம். அதற்காகத்தான் நான் போகிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

கண்ணை மூடினால் நெடுஞ்சாலையின் இரைச்சல் மெல்ல மெல்லக் கடலாக மாறும். மின்விசிறிக் காற்றில் பதினான்கு சுடர்களும் ஒரே பக்கம் சாய்வது இமைக்குள் தெரியும். சில ஞாயிறுகளில் அந்த அறையே தண்ணீரில் இறங்கி, டயர் கடையை விட்டு, தம்போயை விட்டு, எங்கோ மெதுவாகப் போவது போலிருக்கும். யாரோ ஓட்டுகிறார்கள் என்று தோன்றும். யார் என்று நான் கேட்டுக்கொண்டதில்லை.

சரோஜா வந்து ஆறு வாரம் ஆகிறது. நாற்பது வயதிருக்கும். பக்கத்து ஊரான தெப்ராவில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். முதல் நாளே மெழுகைத் தண்ணீரில் விட்டு, கைகூப்பி, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவது போலப் பேசினார்.

“முருகா, இது வரைக்கும் நல்லாத்தான் வெச்சிருக்க. நன்றிப்பா.”

ஒருவர் தொண்டையைச் செருமினார். இன்னொருவர் அணைத்து வைத்திருந்த கைபேசியைப் பார்த்தார்.

தேநீர் நேரத்தில் எங்கள் தலைவர் தயாளன் அண்ணன் அவரிடம் போனார். ஓய்வுபெற்ற எஞ்சினியர், அதட்டிப் பேசவே தெரியாத மனிதர். மனைவி இறந்த நாளிலிருந்து எந்தச் சாமி பெயரையும் அவர் வாயில் எடுத்ததில்லை.

“தப்பா எடுத்துக்காதம்மா. இங்க எல்லாருக்கும் பொதுவா ‘பேராற்றல்’னு சொல்லிக்கலாம்.”

“அண்ணே, உங்கள ‘பேராற்றலே’ன்னு கூப்பிட்டா திரும்பிப் பார்ப்பீங்களா?”

எல்லோரும் சிரித்தோம். தயாளன் அண்ணனும் சிரித்தார். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

சென்ற ஞாயிற்றுக்கு முந்தின ஞாயிறு வந்தபோது சரோஜாவின் முகமே சரியில்லை. காஹாங் ஊரில் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் அவருடைய தம்பி, லோரி மோதி மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். சரோஜா மெழுகை ஏற்றித் தண்ணீரில் விட்டார்.

“முருகா, என் தம்பி கண்ண தொறக்கணும்பா.” பிறகு எங்களைப் பார்த்தார். “நீங்களும் ஒரு வார்த்தை கேளுங்க.”

நாங்கள் என்ன செய்தோம்? “நல்ல எண்ணங்களை அனுப்புறோம்மா” என்றோம், மிகுந்த அன்போடு.

இனி, சென்ற ஞாயிறு. வெளியே நல்ல மழை. நான் குறிப்பை வாசித்தேன்: ‘சரோஜா தம் சகோதரர் நலம்பெற உறுப்பினர்களின் நல்லெண்ணத்தைக் கோரினார்.’

“திருத்தம் உண்டா?” என்றார் தயாளன் அண்ணன். ஆண்டுக்கணக்கில் யாரும் பதில் சொல்லாத கேள்வி அது.

சரோஜா கையைத் தூக்கினார்.

“அக்கா, நான் அப்படிச் சொல்லலையே.”

“அர்த்தம் அதுதானம்மா...” என்றேன்.

“இல்லக்கா. உங்கள ‘கேளுங்க’ன்னு சொன்னேன். நீங்க என்னமோ அனுப்புறோம்னீங்க. எங்க அனுப்புனீங்க? அட்ரஸ் வேணாமா லா?”

பின்வரிசையில் ஒருவர் சிரித்துவிட்டு, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

என்னிடம் இரண்டு புத்தகங்கள் உண்டு. கூட்டத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வது ஒன்றில். வீட்டில் பேனாவால் திருத்தமாக எழுதுவது மற்றதில். பென்சில் புத்தகத்தைப் புரட்டினேன். ஐந்து வாரத்திலும் முருகன் இருந்தார். பேனாப் புத்தகத்தில் ஒரு வாரத்தில்கூட இல்லை. ‘நன்றி தெரிவித்தார்’, ‘மனநிறைவைப் பகிர்ந்தார்’... யாரும் சொல்லி நான் இதைச் செய்யவில்லை. செய்தது தெரியாமலே செய்திருக்கிறேன்.

எங்களிடம் வந்து கடவுள் இல்லை என்று சொன்னவரைத் துணிச்சல்காரர் என்றோம். தெரியவில்லை என்றவருக்கு இரண்டாவது தேநீர் கொடுத்தோம். இருக்கிறார் என்று சொன்ன ஒரே ஆளிடம் மட்டும், பாவம், போகப் போகச் சரியாகிவிடும் என்று காத்திருந்தோமே... நோய் குணமாகக் காத்திருப்பது போல! இதற்கா அந்த அட்டை?

சரோஜா குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“உங்க மேல கோவம் இல்லக்கா. கோயில்ல சாமி இருக்கு, ‘என்னாச்சு சரோஜா’ன்னு கேக்க ஆளில்ல. இங்க கேக்க ஆளிருக்கீங்க. ஆனா சாமிய செருப்போட வெளிய விட்டுட்டு வரச் சொல்றீங்க. எனக்கு இப்போ ரெண்டும் வேணும். ரெண்டும் வேணும்னா நான் எங்கக்கா போவேன்?”

நான் எழுந்து நின்றேன். “திருத்தத்தை நான் முன்மொழிகிறேன். பென்சில் குறிப்பில் உள்ளபடியே.”

எங்கள் வழக்கப்படி, திருத்திய வாக்கியத்தைத் தலைவர்தான் உரக்க வாசிக்க வேண்டும். பென்சில் புத்தகத்தை அவரிடம் நீட்டிய பிறகே எனக்கு அது உறைத்தது. திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தேன்.

தயாளன் அண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். மறுபடி கழற்றினார்.

“முருகா...” என்றார். அவர் குரல் எனக்குப் புதிதாக இருந்தது. “முருகா, என் தம்பி... கண்ண தொறக்கணும்பா.”

புத்தகத்தை மூடவில்லை. அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“யாரு வழிமொழியுறீங்க?” என்று அவர்தான் கேட்க வேண்டும். கேட்கவில்லை. “நான் வழிமொழியுறேன்” என்றார்.

தலைவர் வழிமொழியக் கூடாது. விதிப்படி அது செல்லாது. நான் எழுதிக்கொண்டேன்.

சரோஜா உட்கார்ந்தார். ஈரக் குடையை மடியிலேயே வைத்துக்கொண்டார். தண்ணீர் சொட்டி அவர் புடவை நனைவதை நான் பார்த்தேன், அவர் கவனிக்கவில்லை. மெழுகுகள் ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் இறங்கின. மௌனம் தொடங்கியது. மழையும் நெடுஞ்சாலையும் ஒரே இரைச்சலாகி, அறை வழக்கம்போல மெல்ல நகர்ந்தது... பாதி வழியில் பக்கத்திலிருந்து ஒரு முணுமுணுப்பு. யாரும் தொண்டையைச் செருமவில்லை. நான் கண்ணைத் திறக்கவில்லை. யார் ஓட்டுகிறார்கள் என்று அன்றுதான் முதல்முறையாகக் கேட்டுக்கொண்டேன். பதில் வந்தது என்று எழுதினால் அது பொய்.

இதை எழுதும் புதன்கிழமை வரை சரோஜாவின் தம்பி கண் திறக்கவில்லை. தயாளன் அண்ணன் நேற்று சரோஜாவைத் தம் காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார்.

குறிப்பை இன்று காலை பேனாவால் எழுதி முடித்தேன். கடைசி வரி மட்டும் இழுத்தது. ‘பத்து நிமிட மௌனம்’ என்றுதான் எப்போதும் எழுதுவேன். ஆனால் உள்ளது உள்ளபடி எழுத வேண்டும் அல்லவா?

‘பத்து நிமிட மௌனம். இடையில் சரோஜா பேசினார் — எங்களிடம் அல்ல.’